அத்தோ கடைக்கு உருண்டை எழுத்தில் ஒரு போர்டு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், சாயங்காலம் மட்டும் திறக்கிற ஓர் அத்தோ கடைக்கு உள்ளே விளக்கு எரிகிற போர்டு ஒன்று செய்து கொடுத்தேன். எட்டடி நீளம், மூன்றடி உயரம். ஏசிபி என்கிற அலுமினிய-பிளாஸ்டிக் ஷீட்டில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக், அதற்கும் பின்னால் எல்இடி. இந்த வேலைமுறை ஒன்றும் புதிதில்லை. நான் எழுத உட்கார்ந்தது எழுத்துருவுக்காக. முனை உருண்ட எழுத்துருவைத் தமிழில் வெட்டி, வெளிச்சம் விட்டு, உப்புக்காற்றில் மாட்டும்போது என்னென்ன நடக்கிறது என்று குறித்து வைத்திருந்தேன். அது இன்னொருவருக்கும் உதவலாம்.

அத்தோ தெரியாதவர்களுக்கு: பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த நூடுல்ஸ். கூடவே வாழைத்தண்டு சூப்பு ஊற்றிய மொய்ங்கா, நடுவே கீறி வெங்காயம் அடைத்த முட்டை மசாலா. பீச் ஸ்டேஷன் எதிரே இரண்டாவது கடற்கரைச் சாலையில் ஆரம்பித்து வியாசர்பாடி வரை இந்த வண்டிகளைப் பார்க்கலாம்.

கடையில் ஏற்கெனவே இருந்தது ஃப்ளெக்ஸ் போர்டு. எழுத்துக்கு மஞ்சள், அதைச் சுற்றி சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை, அதற்கும் கீழே நிழல். பின்னால் நூடுல்ஸ் படம். வெயிலில் சிவப்பு வெளுத்து எல்லாம் ஒரே ரோஸ் நிறமாகிவிட்டது. இரும்புச் சட்டமும் மூலைகளில் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. காசிமேடு துறைமுகம் நடை தூரம்தான், வேறு என்ன ஆகும்?

கடைக்கார அக்கா கேட்டது ரெண்டே விஷயம். "எழுத்து அந்தாண்ட ரோட்டுலேர்ந்து தெரியணும் தம்பி. அப்புறம் இந்தப் படம் கிடம்லாம் வாணாம், எல்லா கடையிலயும் அதே படம்தான் கீது." எந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று கேட்டேன். "கூர்கூரா இல்லாம, கொழுகொழுன்னு போடு. சாப்பாட்டுக் கடை தானே."

அக்கா சொன்னது பார்வைக்கான காரணம். எனக்கு அதற்கு முன்னாலேயே வேறு காரணங்கள் இருந்தன.

ரௌட்டர் பிட் வட்டமாகச் சுழல்கிறது

ஏசிபி வெட்டும் சிஎன்சி ரௌட்டரில், அதாவது கணினி நகர்த்துகிற வெட்டு இயந்திரத்தில், போடுவது 3 மி.மீ. பிட். அது சுழன்றுகொண்டே போவதால், வெட்டுகிற ஓட்டையின் உள்பக்க மூலை எதுவாக இருந்தாலும் 1.5 மி.மீ. ஆரத்துக்கு வளைந்துதான் வரும். திரையில் கூர்மூலை வரைந்திருந்தாலும் ஷீட்டில் அது கிடைக்காது. முனை நேராக வெட்டிய சாதாரண எழுத்தை இப்படி ஓட்டையாக வெட்டினால் எழுத்தின் வெளிமூலைகள் மழுங்கியும் உள்மூலைகள் கூராகவும் வரும். ஒரே எழுத்துக்குள் ரெண்டு குணம். எழுத்துரு முதலிலேயே உருண்டையாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வரைந்ததும் வெட்டினதும் ஒன்றாகவே இருக்கும்.

உருண்டை முனை எழுத்துகளின் வரலாற்றில் பாதி இந்தக் கதைதான். முனையை உருட்டு என்று யாரோ ரசித்து முடிவு செய்வதற்கு முன்பே கருவி உருட்டிவிட்டிருக்கிறது. அமெரிக்காவில் கார்ட்டன் என்ற நிறுவனம் பான்டோகிராஃப் செதுக்கு இயந்திரங்கள் செய்தது. அச்சு எழுத்தின் மேல் ஊசியை நகர்த்தினால் மறுமுனையில் சுழலும் வெட்டி உலோகத்தில் அதே எழுத்தைச் சிறிதாகச் செதுக்கும். பழைய விசைப்பலகைகள், கேமரா லென்ஸ் வளையங்கள், கருவிகளின் முகப்புப் பலகைகள் ஆகியவற்றில் பார்க்கிற அந்த ஒரே தடிமன், உருண்டை முனை எழுத்து அப்படி வந்தது. வரைபடப் பலகையில் ஸ்டென்சில் வைத்து டெக்னிக்கல் பேனாவால் எழுதியவர்களுக்கும் இது பழக்கம். பேனா முனை வட்டம், அதனால் கோட்டின் முனையும் வட்டம். நியான் குழாயும் அப்படியே. கண்ணாடிக் குழாயைக் கூர்மூலையாக மடிக்க முடியாது.

பிற்பாடுதான் அது வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிற தோற்றமானது. ஃபோக்ஸ்வாகன் தன் விற்பனை நிலையங்களையும் ஆடியின் விற்பனை நிலையங்களையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தபோது, ஒன்றில் ஃபியூச்சுரா, இன்னொன்றில் டைம்ஸ் என்று வெவ்வேறு எழுத்துரு இருந்தது. ரெண்டும் வேண்டாம் என்று 1979-ல் வந்ததுதான் வேக் ரவுண்டட் என்ற உருண்டை எழுத்துரு. அதே எழுத்து பிறகு ஆப்பிள் மடிக்கணினி விசைகளில் பல ஆண்டுகள் இருந்தது. 2015-லிருந்து சான் பிரான்சிஸ்கோ என்ற எழுத்துருவுக்கு மாறினார்கள். ஜப்பானில் சாலைப் பலகைகளில் நெடுங்காலமாக உருண்டை முனை எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆக, உருண்டை எழுத்து என்றாலே பிளே ஸ்கூல், ஐஸ்கிரீம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதிகத் தடிமனும் துள்ளலும் சேரும்போதுதான் அது விளையாட்டுத்தனமாகிறது. மெல்லிய உருண்டை எழுத்து ஒரு பட்டறைக் கருவியின் மேல் எத்தனை கறாராக நிற்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

ரெண்டாவது காரணம் ஷீட். ஏசிபி என்பது ரெண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக். இதில் கூரான நாக்கு மாதிரி ஒரு துண்டு மிஞ்சினால் அது முதலில் வளையும், அப்புறம் தகடு தனியாகப் பிரியும். கடல் பக்கத்தில் பிரிந்த இடத்தில் உப்பு உட்கார்ந்து இன்னும் தூக்கும். எழுத்தின் கோடுகள் சேரும் கவையில் இந்த மாதிரி நாக்குகள் நிறைய வரும். உருண்டை எழுத்துருவில் கவையும் வளைவாக இருப்பதால் மிஞ்சுகிற ஷீட் அகலமாக நிற்கிறது.

தமிழில் எதை உருட்டலாம்

இங்கேதான் நேரம் போனது.

ஆங்கில எழுத்தில் உருட்டுவதற்கு இருப்பது பெரும்பாலும் முனைகள்தான். தமிழ் எழுத்து ஏற்கெனவே வளைவுகளால் ஆனது. அதில் அங்கங்கே இருக்கிற மூலைகள்தான் எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. ட-வை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்து ஒன்று, கிடை ஒன்று, கீழே இடப்பக்கம் ஒரு மூலை. அவ்வளவுதான் அந்த எழுத்தே. அந்த மூலையைத் தாராளமாக வளைத்தால் அது ட ஆக இல்லாமல் ஏதோ கொக்கி ஆகிவிடும். ப-வின் ரெண்டு அடிமூலைகளையும் வளைத்தால் ஆங்கில 'யு' நிற்கும். ம, ய ரெண்டும் அதே அடிமூலையை நம்பித்தான் இருக்கின்றன. ங-வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நேர்கோடுகளும் மூலைகளும் ஒரே இடத்தில் நெருக்கியடிக்கிற எழுத்து அது.

ஆக, தமிழில் கோட்டின் முனையை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டலாம். கோடு திரும்புகிற மூலையில் கை அடக்கம் வேண்டும். என் கணக்கு, வெளிமூலையின் ஆரம் கோட்டுத் தடிமனில் கால் பங்கைத் தாண்டினால் ட தளர ஆரம்பிக்கிறது. பாதியைத் தொட்டால் எட்ட இருந்து பார்ப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

சிலர் இருக்கிற ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து, மென்பொருளில் மூலைகளை மொத்தமாக உருட்டிவிடுவார்கள். அது சரிப்படாது. மென்பொருளுக்கு எது முனை, எது மூலை என்று தெரியாது, எல்லாவற்றையும் ஒரே ஆரத்துக்கு உருட்டும். இன்னொன்று, நேராக வெட்டிய முனையை அதே நீளத்தில் அரைவட்டமாக்கினால் கண்ணுக்குக் கோடு குட்டையாகத் தெரியும். நல்ல உருண்டை எழுத்துருவில் முனையைக் கொஞ்சம் நீட்டித்தான் வைத்திருப்பார்கள். சரியான அரைவட்டமும் அழகாக இருக்காது. கோடு அங்கே வீங்கி, தீக்குச்சியில் மருந்து வைத்தது போல ஆகிவிடும். அதனால் அரைவட்டத்தைவிடச் சற்றே தட்டையான முனையாக இழுத்திருப்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால்தான் இது தெரியும்.

இலவசமாகக் கிடைக்கிற, வணிகத்துக்கும் பயன்படுத்த உரிமம் உள்ள உருண்டை எழுத்துருக்கள் தமிழில் ரெண்டு எனக்குப் பொருந்தி வந்தன. ஒன்று காய்னி. நல்ல குண்டு எழுத்து, ஒரே தடிமன்தான் உண்டு. இன்னொன்று மும்பையின் ஏக் டைப் குழு செய்த பலூ தம்பி 2. பலூ குடும்பத்தில் ஒவ்வொரு இந்திய எழுத்துக்கும் தனி எழுத்துரு. மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தெலுங்குக்குப் பலூ தம்முடு. ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து தடிமன். ஆங்கில எழுத்தும் உள்ளேயே இருக்கிறது, தமிழோடு பொருந்துகிற குணத்தில்.

'அத்தோ கடை', 'மொய்ங்கா', 'முட்டை மசாலா' மூன்றையும் ரெண்டிலும் அடித்து, ஏ4 தாள்களில் முழு அளவுக்குப் பிரின்ட் போட்டு ஒட்டி, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். அக்காவுக்குக் காய்னிதான் பிடித்தது. 'அத்தோ' அதில் பிரமாதமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'மொய்ங்கா'வில் ங்-குக்குள் இருக்கிற வெள்ளை இடம் அடைந்துபோய், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது. 'முட்டை'யில் வருகிற ஐகாரக் கொம்பின் சுழிகளும் அப்படியே. ஒரே ஒரு சொல்லைப் பெரிதாகப் போடுகிற போர்டாக இருந்திருந்தால் நானே காய்னியைப் போட்டிருப்பேன். இங்கே அதைக் கைவிட்டேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று போர்டு தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்டது. தமிழில் மேலே புள்ளி, கீழே மு-வின் சுழி எல்லாம் தனி இடம் கேட்கும். அதனால் க, ட போன்ற எழுத்தின் உடல் உயரத்தை மட்டும் வைத்து அளந்தேன். மேல் வரி ஒன்பது அங்குலம், ரெண்டாவது வரி நாலு அங்குலம். கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் என்பது தமிழ்நாட்டில் விதி. அடிவரியில் ஆங்கிலத்தில் சின்னதாக 'அத்தோ' என்று போட்டேன், அதனால் விதிக்கு ஒரு சிக்கலும் இல்லை.

வெளிச்சம் எழுத்தைக் குண்டாக்கும்

தாளில் பார்த்தபோது எக்ஸ்ட்ரா போல்டுதான் நன்றாக இருந்தது. ஆனால் இது எரிகிற எழுத்து. இருட்டில் பிரகாசமான பகுதி கண்ணுக்குப் பரந்து தெரியும், அதன் நடுவே இருக்கிற கறுப்பு சுருங்கித் தெரியும். எந்த அளவுக்கு என்று தெரிய 'ங்' ஒன்றை மட்டும் மிச்சத் துண்டு ஏசிபியில் எக்ஸ்ட்ரா போல்டிலும் செமி போல்டிலும் வெட்டச் சொன்னேன். பின்னால் அக்ரிலிக் துண்டு, அதற்குப் பின்னால் ரெண்டு எல்இடி மாட்யூல், சுற்றி அட்டைப்பெட்டி.

ராத்திரி மாடியில் வைத்துப் பார்த்தால் எக்ஸ்ட்ரா போல்டு ங்-குக்குள் இருந்த ஏசிபிப் பட்டை பாதியாகத் தெரிந்தது. எட்டிப் போகப் போக அது காணாமலே போனது. புள்ளியும் எழுத்தின் தலையும் ஒட்டிக்கொண்டன. செமி போல்டில் ங் ங்-காகவே இருந்தது. எரியும்போது அது போல்டு மாதிரி தெரிந்ததால் அக்கா கேட்ட கொழுகொழுவும் கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். முதலில் சொன்ன அந்த மூலை அடக்கம் இரவில் இன்னும் முக்கியம். ஒளி தானாகவே மூலையைக் கொஞ்சம் மழுக்கும். எழுத்துரு ஒரு பங்கு மழுக்கி, வெளிச்சம் ஒரு பங்கு மழுக்கினால் ட-வுக்கு மூலையே மிச்சமிருக்காது. பலூவின் மூலை அதைத் தாங்கியது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் கூட்ட வேண்டியிருந்தது, அதே காரணத்தால். தமிழில் இதை மென்பொருளின் பொது அமைப்பில் கூட்டக்கூடாது. அப்படிக் கூட்டினால் 'தோ'வில் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், த நடுவில், கால் ஒரு பக்கம் என்று மூன்றும் பிரிந்து போகும். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரு குரூப்பாக்கி, குரூப்புகளுக்கு நடுவில் மட்டும் கையால் இடைவெளி விட்டேன். சலிப்பான வேலைதான்.

கட்டிங் கடைக்குக் கோப்பு அனுப்புவது

பிராட்வே பக்கத்தில் கட்டிங் செய்கிற பாய் கடையில் யுனிகோடு எழுத்துரு கொடுத்தால் 'மொய்ங்கா'வின் ஒற்றைக்கொம்பு ம-வைத் தாண்டி எங்கேயோ போய் உட்காரும். அங்கே இருக்கிற மென்பொருள் பழைய பதிப்பு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் அவர்கள் வேலை பார்த்துப் பழக்கம். அவர்களிடம் எழுத்தாகக் கொடுக்கவே கூடாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, வெறும் கோடுகளாக்கி அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு ரெண்டு விஷயம் கட்டாயம். பலூ தம்பி 2 வேரியபிள் எழுத்துருவாக, அதாவது எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் அடங்கியதாக, கிடைக்கிறது. அந்த வகையில் ஓர் எழுத்தின் பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது வழக்கம். திரையில் தெரியாது, ரௌட்டர் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக வெட்டிக்கொண்டு எழுத்துக்கு நடுவிலேயே போகும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'யூனியன்' கொடுத்தால் சரியாகிவிடும். கொடுத்த பின் அவுட்லைன் பார்வையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது டிஎக்ஸ்எஃப், வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கிற கோப்பு வகை. வளைவை நேர்கோட்டுத் துண்டுகளாக உடைத்துச் சேமிக்கிற வகை ஒன்று உண்டு. சாதாரண எழுத்தில் அது பெரிதாகத் தெரியாது. உருண்டை எழுத்தில் ஒவ்வொரு முனையும் வளைவு. அவை எல்லாம் பட்டை பட்டையாக வந்துவிடும், இயந்திரமும் ஒவ்வொரு துண்டுக்கும் தயங்கித் தயங்கி ஓடும். வளைவை உடைக்காமல் ஸ்ப்லைனாக வைத்துச் சேமித்தேன். பாய் திறந்து பார்த்துவிட்டு, "நோடு கம்மியா இருக்கே, எதனா விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். விடவில்லை என்று காட்டினேன். சீராக ஓடியது.

எழுத்துக்கு நடுவில் வருகிற தீவுகளை மறந்துவிடாதீர்கள். அ, த, க, கொம்பு, ஐகாரம் எல்லாவற்றிலும் மூடிய சுழி உண்டு. வெட்டும்போது அந்த நடுத் துண்டு கழன்று விழும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பென்சிலில் எண்ணும், மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டேன். உருண்டைச் சுழி என்பதால் எப்படித் திருப்பி வைத்தாலும் கிட்டத்தட்டப் பொருந்துவது போலவே இருக்கும், ஆனால் சுற்றிலும் வெளிச்சப் பட்டையின் அகலம் மாறிவிடும்.

தீவை ஒட்டுவது அக்ரிலிக்கின் மேல், நுரை வகை ரெட்டைப்பக்க டேப் வைத்து. இங்கே ஒரு கணக்கு பார்க்க வேண்டும். அக்ரிலிக் வெயிலில் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு நீளும். எட்டடி நீள அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. வளரும், ஏசிபி 2 மி.மீ.கூட வளராது. ஒரே நீள ஷீட்டாகப் போட்டு அதன் மேல் தீவுகளை ஒட்டினால், மதிய வெயிலில் ஓரத்து எழுத்துகளின் தீவுகள் நடுவிலிருந்து நகர்ந்து நிற்கும். அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி அக்ரிலிக் துண்டு. திருகு போகும் துளை திருகைவிடப் பெரியது. எழுத்து வரிசையில் துண்டுகளுக்கு நடுவே ரெண்டு விரல் இடைவெளி.

பெட்டி, சட்டம், விளக்கு

ஷீட் 8×4 அடி. மூன்றடி முகப்புக்குப் போக ஓரடிப் பட்டை மிச்சம். பக்கச் சுவர்களுக்கு அதுவே போதும். அதில் பின்பக்கம் 'வி' வடிவப் பள்ளம் எடுத்து, முன் தகட்டையும் கொஞ்சம் பிளாஸ்டிக்கையும் விட்டுவிட்டால் கையாலேயே மடியும். பெட்டியின் ஆழம் நாலு அங்குலம். மாட்யூல்களுக்கு நடுவே இடைவெளி ஆழத்தை ஒட்டியே இருக்கட்டும், ரொம்பத் தள்ளி வைத்தால் எழுத்துக்குள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். வரிசைக்கு 20 வீதம் ஐந்து வரிசை. பெரிய எழுத்துக்குப் பின்னால் மூன்று, சின்ன எழுத்துக்குப் பின்னால் ரெண்டு. ஒரு மாட்யூல் 0.72 வாட், நூறுக்கு 72 வாட், 12 வோல்டில் 6 ஆம்பியர். மின்சாரத்தை 12 வோல்டாக மாற்றித் தருகிற எஸ்எம்பிஎஸ் 10 ஆம்பியரில் போட்டேன். ஒயரை ஒரு ஓரத்திலிருந்து மட்டும் கொடுத்தால் கடைசி மாட்யூல்கள் மங்கும், அதனால் ரெண்டு ஓரத்திலும் கொடுத்தேன்.

சட்டம் இரும்பு. வெல்டிங் அண்ணனிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது விளிம்பைத் தேய்ப்பதைப் பற்றித்தான். கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காது, காயும்போது அங்கிருந்து விலகி மெலிந்துவிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். இரும்புப் பூச்சுக்கான ஐஎஸ்ஓ 12944 தரநெறியே விளிம்பு 2 மி.மீ. ஆரத்துக்காவது உருண்டிருக்கட்டும் என்கிறது. பழைய சட்டத்தில் எங்கெங்கே துரு தின்றிருந்தது என்று பார்த்தேன்: ஆங்கிளின் வெட்டு விளிம்புகள், வெல்டு ஓரங்கள். புதியதில் கிரைண்டரால் விளிம்பு முழுக்க மழுக்கி, வெல்டு மேல் துத்தநாக பிரைமர், அப்புறம் ரெண்டு கோட் எனாமல். அண்ணன், "போர்டுக்குப் பின்னால மறையிற கம்பிக்கு இம்மாம் பாலிஷா?" என்று சிரித்தார்.

பெட்டியின் அடியில் நீர் வடிய துளைகள், திருகுக்குக் கீழே நைலான் வாஷர். அவ்வளவுதான்.

உருண்டை எழுத்து எங்கே வேண்டாம்

அடிவரியில் இடப்பக்கம் 'ராயபுரம்' என்றும், வலப்பக்கம் ஆங்கிலத்தில் 'அத்தோ' என்றும் வினைல் ஸ்டிக்கர். ஆங்கிலத்துக்குப் பலூவே. வினைல் எப்போதும் கூர்மூலையிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். தூசி துடைக்கிற துணி அங்கேதான் மாட்டும். உருண்டை எழுத்தில் மாட்டுவதற்கு மூலை கிடையாது.

'ராயபுரம்' மட்டும் பலூவில் சரிவரவில்லை. ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசமே கீழே இருக்கிற அந்தச் சின்னச் சாய்கோடுதான். ரெண்டு அங்குல எழுத்தில், தடித்த கோட்டில், முனையையும் உருட்டிவிட்டால் அந்தச் சாய்கோடு ஒரு மொட்டு அளவுக்குக் குறுகிவிடுகிறது. 'ரா' என்று வரும்போது ரெண்டு கால்கள் அடுத்தடுத்து நிற்பது போல இருந்தது. முக்த மலருக்கு மாற்றினேன், அதுவும் ஏக் டைப் செய்ததுதான், ஆனால் முனை நேராக வெட்டிய எழுத்து. ர தெளிவாக நின்றது.

உள்ளே விலைப்பட்டியலுக்கும் அதையேதான் போட்டேன். தடித்த உருண்டை எழுத்துருவில் 3, 6, 8, 9 நான்கும் வாய் மூடி ஒன்று போலாகிவிடும். பெயரை ஒரு முறை தப்பாகப் படித்தால் பாதகமில்லை, விலையைத் தப்பாகப் படித்தால் கடையில் வாக்குவாதம். நீண்ட பத்தி, சின்ன எழுத்து, ரசீது, முகவரி எதற்கும் உருண்டை எழுத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வரி, ரெண்டு வரி, பெரிய அளவு என்றால் தாராளமாகப் போடலாம். வெளிச்சமோ வெட்டோ பெயின்ட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

மாட்டின அன்றைக்கு அக்கா எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "மொய்ங்கா நல்லா தெரியுது" என்றார். அத்தோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேல் ஓரத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தது, கறுப்பு சிலிகான் வைத்து அடைத்தேன். மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் உப்பைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். தேய்க்கிற பவுடர் கூடாது, அக்ரிலிக் கீறிவிடும்.

வெட்டியபோது கீழே விழுந்த எழுத்துத் துண்டுகளை அக்கா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். "இத்த வண்டியில ஒட்டிடலாமா?" ஒட்டலாம்தான். சிவப்பு ஏசிபி எழுத்து, வண்டியின் வெள்ளைப் பலகை, அதே ரெட்டைப்பக்க டேப். ஆனால் ஒட்டியதும் எழுத்து மெலிந்து தெரிந்தது. ரெண்டு காரணம் உண்டு. பிட் ஓடியது எழுத்தின் கோட்டுக்குள்ளே, அதனால் ஓட்டை சரியான அளவு, விழுந்த துண்டில் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைவு, ஆக ஒவ்வொரு கோட்டிலும் 6 மி.மீ. போய்விட்டது. மேல் வரியில் அது கண்ணுக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது, நாலு அங்குல வரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ரெண்டாவது, இங்கே எழுத்தைப் பரப்பிக் காட்ட வெளிச்சம் இல்லை. சின்ன எழுத்துத் துண்டுகளை எடுத்துவிட்டு 'அத்தோ' மட்டும் வண்டியில் விட்டோம். 'மொய்ங்கா'வுக்கு எக்ஸ்ட்ரா போல்டில் புதிதாக வினைல் வெட்டக் கொடுத்திருக்கிறேன்.